முதல் கியரில் பின்னால் போன வண்டி

கியர் முதலில்தான் இருந்தது. எந்தக் கோவிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். லீவரைக் குனிந்து பார்த்தேன். உள்ளங்கையால் தட்டியும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

டிராக்டர் பின்னால் போனது.

துள்ளவில்லை, குலுங்கவில்லை. பின்னால் யாரோ கயிறு கட்டி நிதானமாக இழுப்பதுபோல் போனது. தை மாதத்துக் காலை. வெள்ளாயணி காயலிலிருந்து எழுந்த பனி புஞ்சக்கரி வயல்கள் மேல் இடுப்பளவுக்குப் படுத்துக் கிடந்தது. எனக்கு முன்னால் இருந்த வரப்பு மெல்ல மெல்லத் தள்ளிப் போய்ப் பனிக்குள் மங்கியது. நிலம்தான் நகர்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன். பின்சக்கரம் தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம் கேட்ட பிறகே உடம்பு விழித்துக்கொண்டது.

கிளட்சை மிதித்தேன். வண்டி நின்றது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் செத்துக் கிடந்தது. சைலன்சரில் ஒரு துளி புகை இல்லை. புகை வேறு இடத்திலிருந்து வந்தது. காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஏர் கிளீனரின் வாய் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. சைலன்சர், வெளியே விட வேண்டிய அந்தக் குழாய், காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்துமாக்காரர் மூச்சை இழுத்து இழுத்து, விடவே விடாமல் இழுப்பதுபோல் ஒரு சத்தம்.

ஸ்டாப் குமிழை இழுத்து நிறுத்தினேன். தாமரைக்கோழி ஒன்று எங்கோ கூவிற்று. நான் இறங்காமல் உட்கார்ந்திருந்தது வண்டி பின்னால் போனதற்காக அல்ல. அந்த இழுப்புச் சத்தத்தை நான் முந்தின நாள்தான் கேட்டிருந்தேன். ஒரு செல்போனில், இறந்துபோன ஒருவருடைய குரலுக்குப் பக்கத்தில்.

தள்ளிப்போட்ட அத்தியாயம்

இந்தத் தொடரில் லாரிகளைப் பற்றியும், மீன்பிடி வள்ளங்களின் இன்ஜின்களைப் பற்றியும், சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில் இருக்கும் என் டீசல் பம்ப் சர்வீஸ் அறையைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் வாராவாரம் தள்ளிப்போட்டேன். "அதை எழுதாம மத்ததெல்லாம் எழுதி என்ன?" என்று என் மனைவி பகவதி கேட்டாள். கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரைப் பார்ப்பவள் அவள். என்னைவிட நேரடியான ஆள்.

அதே சாலைக் கடைத்தெருவில் தானிய மொத்தக் கடை வைத்திருந்தார் மகாதேவன் அண்ணாச்சி. எங்களைப்போல நாஞ்சில் நாட்டுக் குடும்பம். கடையில் உட்கார்ந்து அரிசி விற்றாலும் மனசெல்லாம் நெல்லில்தான். புஞ்சக்கரியில் கொஞ்சம் வயலைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு பழைய மூன்று சிலிண்டர் டிராக்டரும் வாங்கிப் போட்டார். வாரத்தில் நான்கு நாள் அவர் கெண்டைக்காலில் சேறு காய்ந்திருக்கும். அப்படியே வந்து கல்லாவில் உட்காருவார்.

அந்த டிராக்டரை ஓட்டியவர் ராசையன். பாறசாலைக்காரர். வாயைத் திறந்தால் தமிழும் மலையாளமும் பாதிப் பாதி வரும். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். பீடி கூடக் கிடையாது.

ஒரு நாள் காலை அந்த வயலில், அந்த டிராக்டர் பின்பக்கமாக நகர்ந்து அண்ணாச்சியைச் சேற்றில் அழுத்திக் கொன்றது. ஓட்டியது ராசையன்.

"முதல் கியர்லதான் போட்டேன். வண்டி தானே பின்னால போயி" என்று ராசையன் போலீசிடம் சொன்னார். யார் நம்புவார்கள்? அவர்கள் அழைத்து வந்த மெக்கானிக் ஸ்டார்ட் செய்தபோது, வண்டி நல்ல பிள்ளைபோல முதல் கியரில் முன்னால் போனது, ரிவர்ஸில் பின்னால் போனது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததாக ராசையன் மேல் வழக்கு.

நானும் நம்பவில்லை. பதட்டத்தில் ஆள் கியரை மாற்றிப் போட்டிருப்பான் என்றுதான் சாவு வீட்டில் நின்று நானும் பேசினேன்.

சொட்டு நிற்கும் இடம்

இங்கே என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை நசுக்குகிறது. நசுங்கிய காற்று பழுக்கச் சூடாகிறது. பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கும்போது பம்ப் ஒரு சிட்டிகை டீசலை இன்ஜெக்டரின் நாசில் வழியாக உள்ளே பீய்ச்ச வேண்டும். அது தானே தீப்பிடிக்கும். பிந்திப் பீய்ச்சினால் புகையும் சோம்பலும். முந்திப் பீய்ச்சினால், ஏறி வருகிற பிஸ்டனின் தலையில் அடி விழும்.

அந்தக் கணத்தைச் சரியாக வைப்பதுதான் டைமிங். பழைய வண்டிகளில் அதற்குக் கண்ணும் பொறுமையும் போதும். பம்பின் முதல் குழாயைக் கழற்றிவிட்டு, கொக்குக் கழுத்துபோல வளைந்த ஒரு சின்னக் குழாயை மாட்டுவோம். அதிலிருந்து டீசல் சொட்டும். இன்ஜினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே சொட்டைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் சொட்டு, விழாமல் குழாய் நுனியில் தொங்கி நிற்கும். பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்கும் இடம் அதுதான். அந்நேரம் ஃப்ளைவீலில் வெட்டியிருக்கும் கோடு, அதற்கென்று இருக்கும் சின்ன ஜன்னலில் முள்ளுக்கு நேரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பம்பைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகளைத் தளர்த்தி, பம்பை ஒரு பக்கம் லேசாகத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும்.

அண்ணாச்சி சாவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த டிராக்டரின் பம்பை சர்வீஸ் செய்து மாட்டி, டைமிங் வைத்தது நான்தான்.

அன்றைக்கு என் அறை வாசலில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் சுமக்கிற டிப்பர்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தார்கள். நான் புஞ்சக்கரியில் அவசர அவசரமாக வேலை பார்த்தேன். பம்பின் மேல் முந்தின மெக்கானிக் யாரோ கீறி வைத்த பழைய கோடு ஒன்று இருந்தது. என் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. பம்பை வழக்கத்தைவிட நிறையத் திருப்ப வேண்டியிருந்தது. நான் பழைய கோட்டை நம்பவில்லை, ஃப்ளைவீல் கோட்டை நம்பினேன்.

ஸ்டார்ட் செய்தோம். கட்டையால் இரும்பை அடிப்பதுபோல் கணீர் கணீரென்று சத்தம். பக்கத்தில் நின்ற ராசையன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மேஸ்திரியே, அடி கூடுதலா இருக்கல்லோ?"

"புது நாசிலுல்லா போட்டிருக்கு. ஓடி ஓடித் தெளிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நாற்பது விநாடி

அண்ணாச்சி போய் ஒரு வருடம் வயல் தரிசாகக் கிடந்தது. சுற்றிலும் பச்சை நெல், நடுவில் அந்த ஒரு துண்டில் மட்டும் ஆளுயரக் கோரை. நாற்று நடப்போகும் பெண்கள் அந்த வரப்பை விட்டு எதிர் வரப்பில் நடந்தார்கள். தகர ஷெட்டில் நின்ற டிராக்டருக்கு 'பின்நடை வண்டி' என்று பெயர் வந்துவிட்டது. பாலத்தடி டீக்கடைக்காரர் என்னிடமே சொன்னார்: "அண்ணாச்சியாக்கும் பின்னோக்கி வலிச்சு இழுக்குறது. இன்னொரு ஆளெக் கொண்டு போகாம விடாது, கேட்டோ."

கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணாச்சியின் மகன் அதை விற்றுவிடச் சொன்னான். வாங்க வந்தவர், ஸ்டார்ட் செய்தால் உதைக்கிறது, டைமிங் பார்த்துத் தந்தால் எடுக்கிறேன் என்றார். அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்கா எனக்கு ஆள் விட்டார். போன் செய்யவில்லை. அவர் அந்த நாளுக்குப் பிறகு யாருக்கும் போன் செய்வதில்லை, எடுப்பதுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கரமனையில் அவர்கள் வீடு. ஷெட் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவர், போகச் சொல்லாமல் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க மெக்கானிக்கில்லா. ஒரு சத்தம் கேட்டுச் சொல்லணும்."

புடவை மடிப்புக்குள்ளிருந்து செல்போனை எடுத்தார். அந்தக் காலை அண்ணாச்சி வயலிலிருந்து அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் போன் எல்லாப் பேச்சையும் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். மகன் எப்போதோ அப்படிப் போட்டுக் கொடுத்தானாம். அது யாருக்கும் நினைவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அக்கா கை தவறி அழுத்தியிருக்கிறார். அண்ணாச்சி பேசியிருக்கிறார்.

"யாரையும் கேக்க விடல்லெ. மவன் கூட கேக்கல்லெ" என்றபடி அழுத்தினார்.

அண்ணாச்சியின் குரல், சிரித்த மாதிரியான அதே குரல், மத்தியானத்துக்கு புளிசேரி வை என்றது. பின்னால் டிராக்டரின் கணீர் கணீர். சட்டென்று அது தாழ்ந்தது. சேற்றில் சிக்கி இன்ஜின் மூச்சுமுட்டி இறங்குவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணாச்சி, "நில்லு ராசையா, சக்கரத்துல குளவாழை சுத்திக் கெடக்கு" என்றார். தண்ணீரில் நடக்கிற சத்தம். ஒரு பலத்த உதை. அதன்பின் இன்ஜின் சத்தமே வேறு மாதிரி ஆயிற்று. உள்ளே இழுக்கிற சத்தம். இழுத்து, இழுத்து. சக்கரத்தில் சுற்றிய ஆகாயத்தாமரையைப் பிடுங்குகிற மூச்சு வாங்கலோடு அண்ணாச்சி, "ஆங், எடுத்தாச்சு. முன்னால எடு, மெல்ல எடு" என்றார்.

அப்புறம் "ஏய்" என்று ஒரு சொல். பிறகு தண்ணீர்.

அந்த உதையிலிருந்து எல்லாம் நாற்பது விநாடிக்குள் முடிந்திருந்தது. அக்கா நிறுத்தினார். "அந்த இழுக்கிற சத்தம் என்ன தம்பி?"

"போன் சத்தமா இருக்கும்கா. காத்து அடிச்சா அப்படித்தான் கேக்கும்."

பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனை மறுபடி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று நட்டு

மறுநாள் காலைதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. புது பேட்டரியோடு போனேன். வண்டியைக் கழற்றுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். ஓரத்துச் சேற்றில் முன்சக்கரம் இறங்கி, இன்ஜின் தாழ்ந்து சாகப்போனது. கிளட்சை மிதித்தேன். ஒரு உதை. என் பற்கள் மோதிக்கொண்டன. இன்ஜின் சாகாமல் மறுபடி பிடித்துக்கொண்டது. தப்பித்தது என்றுதான் நினைத்தேன். ராசையன் சொன்னது நினைவுக்கு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கியரைப் பார்த்தேன். காலை எடுத்தேன்.

இளவயதில் நாகர்கோவிலில் வேலை கற்றபோது, ஆரல்வாய்மொழி ஏற்றத்தில் நின்றுபோன லாரி ஒன்று தலைகீழாக ஓட ஆரம்பித்ததாக ஒரு கிளீனர் சொன்னார். இன்ஜினே எதிர்ப்பக்கம் சுற்றியதாம், வண்டி எல்லா கியரிலும் பின்னால் போனதாம். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவருக்கு அந்தக் கதையாலேயே ஒரு பட்டப்பெயர் விழுந்து, ஊரைவிட்டே போய்விட்டார்.

வாய்க்காலில் பாதி இறங்கி நின்ற டிராக்டரில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கிளீனரின் முகம்தான் எனக்கு முதலில் வந்தது.

டைமிங் மிகவும் முந்தியிருந்தால், இன்ஜின் தாழ்ந்து மெதுவாகச் சுற்றும்போது, உச்சிக்கு ஏற முடியாத பிஸ்டனை வெடிப்பு வந்த வழியே திருப்பி உதைக்கும். உதைபட்ட இன்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்படிச் சுற்றும்போதும் பம்ப் டீசலைக் கொடுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கால் புகை விட்டு, வாலால் மூச்சு வாங்கிக்கொண்டு.

முன்னால் இருந்த இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக ஒரு கம்பியை விட்டு பிஸ்டனின் நிஜமான உச்சியைத் தேடினேன். வெகுநேரம் பிடித்தது. கம்பி ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும் இடம். பிறகு ஜன்னலில் பார்த்தேன். ஃப்ளைவீலின் கோடு இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

அது இந்த வண்டியின் ஃப்ளைவீலே இல்லை. எப்போதோ கிளட்ச் வேலையின்போது வேறு மாடலிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அது பார்த்தால் தெரியாது, அளந்தால் தெரியும். இந்தக் கம்பி வேலையை நான் அன்றைக்கே செய்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. பம்பில் இருந்த பழைய கோடுதான் சரி. அதைத் தாண்டித் திருப்பி வைத்தது என் கை.

பனி விலகி வெயில் வந்துவிட்டது. வயலில் யாருமில்லை. என் கையில் ஸ்பேனர் இருந்தது. மூன்றே நட்டு. தளர்த்தி, பம்பைப் பழைய கோட்டுக்குத் திருப்பி இறுக்கினால் கால் மணி நேர வேலை. வண்டி இனிமேல் எந்தக் காலத்திலும் பின்னால் போகாது. வாங்க வந்தவர் எடுத்துக்கொண்டு போவார். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று நட்டையும் தளர்த்தினேன். பம்பில் கை வைத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோலவே இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். கோரைதான் அசைந்தது.

நட்டுகளை இருந்த இடத்திலேயே மறுபடி இறுக்கி, இன்ஜெக்டரையும் மாட்டிவிட்டு, கடைக்கு வந்தேன்.

பகவதியிடம் சொன்னேன். அவள் கவுண்டரில் கேஸ்கெட் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டாள்.

"சொன்னா நம்ம கடைக்கு யாரு வருவா?"

"யாரும் வரமாட்டா."

"சொல்லல்லேன்னா?"

அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். "நானும் கூட வாறேன்" என்றாள்.

காட்டுங்கோ

கோமதி அக்கா கத்துவார், என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை.

"அப்போ ராசையன் பொய் சொல்லல்லெ."

"இல்லெக்கா."

"நீங்க சாவுக்கு வந்தியளே தம்பி. மாலை போட்டியளே."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுக்கா."

"இன்னைக்குத் தெரிஞ்சாச்சில்லா." எழுந்தார். "எனக்குக் காட்டுங்கோ."

ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் புஞ்சக்கரிக்கு வந்தார். பகவதியின் கையைப் பிடித்துக்கொண்டு தூர வரப்பில் நின்றார். நான் டிராக்டரைச் சேற்றில் செலுத்தித் தாழவிட்டு, சாகிற நேரத்தில் கிளட்சை மிதித்தேன். முதல் நான்கு தடவை இன்ஜின் சும்மா நின்றுவிட்டது. ஐந்தாம் தடவை உதைத்தது.

இழுப்பு தொடங்கியது.

கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, எண்ணெய் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டில் ஒரு துண்டை எடுத்து சைலன்சர் வாய்க்கு அருகில் நீட்டினேன். என் விரலிலிருந்து அது பிடுங்கப்பட்டு உள்ளே போனது. பகவதி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா செல்போனை ஒரு காதில் வைத்து, மறு காதை டிராக்டர் பக்கம் திருப்பி, கண்ணை மூடி நின்றார். இரண்டு காதிலும் ஒரே சத்தம்.

"மதி, போதும்" என்றார். "நிப்பாட்டுங்கோ. இதுதான்."

காரில் திரும்பி வரும்போது கரமனைப் பாலம் வந்ததும் அக்கா மெல்லச் சொன்னார். "ஒரு வருஷமா அவனுக்கு நான் சாபம் போட்டேன் தம்பி. காலையும் அந்தியும் விளக்கு முன்னால நின்னு போட்டேன்."

வலது கை

ராசையன் பாலராமபுரம் பக்கம் ஒரு மர டிப்போவில் தலைச்சுமை வேலை செய்துகொண்டிருந்தார். நானும் அக்காவும் போனோம். ஆள் பாதியாகியிருந்தார். எந்த வண்டியிலும் ஏறுவதில்லை, தினமும் நடந்தேதான் வருகிறார் என்று டிப்போக்காரர் சொன்னார்.

டீ வந்தது. ராசையன் கிளாஸை இடது கையால் வாங்கினார். வடையை இடது கையால் பிட்டார். வலது கை மடியில் ஒரு துண்டுக்கடியில் கிடந்தது. அடிபட்டுவிட்டதோ என்று நினைத்து, "கைக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லெ." கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார். "மேஸ்திரியே, ஆதியம் போலீசு கேட்டப்போ நான் முதல் கியர்னுதான் சொன்னேன். எல்லாரும் இல்லெ இல்லென்னு சொன்னப்போ, யோசிச்சுப் பாத்தேன். வண்டி தானே பின்னால போகுமா? போகாதில்லே. அப்போ கைதான் போட்டிருக்கணும். எனக்குத் தெரியாம இந்தக் கை போட்டிருக்கு. அதுக்கப்புறம் இதெ நான் ஒண்ணுத்துக்கும் விடுறதில்லெ."

அவர் தன் வலது கையை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறொருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இந்தக் கதையில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்ப்பது அங்கேதான். டிராக்டரில் அல்ல.

அதுவரை நான் அவரை 'நீ' என்றே பேசிவந்தவன். "கை போடல்லெ ராசையா, நீங்க சொன்னதுதான் சத்தியம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ளைவீல், இரண்டு விரற்கடை, இழுப்புச் சத்தம். நாசில் தெளியும் என்று நான் சொன்ன அன்றைய பேச்சு. அக்கா போனைப் போட்டுக் காட்டினார். 'முன்னால எடு' என்ற குரலைக் கேட்டதும் ராசையன் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. அங்கிருந்தபடியே ஒன்றுதான் கேட்டார்.

"அடி கூடுதல்னு நான் சொன்னேன் அல்லே?"

"சொன்னீங்க."

"ம்" என்றார். எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

வஞ்சியூரில்

நான் ராசையனின் வக்கீலைப் பார்த்து நடந்ததை எழுதிக்கொடுத்தேன். அதிகாரிகள் வந்து டிராக்டரை மறுபடி சோதித்தார்கள். அவர்கள் முன்னால் வண்டி மூன்று நாள் அடம்பிடித்து, ஒழுங்காகவே ஓடியது. நான்காம் நாள் உதைத்துத் திரும்பியது. அளவெடுத்தார்கள், படமெடுத்தார்கள், அக்காவின் போனை வாங்கிப்போனார்கள். வஞ்சியூர் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறி, டைமிங் வைத்தது நான், அளக்காமல் வைத்தேன் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என்னிடம் கேட்க அதிகம் இருக்கவில்லை.

ராசையன் விடுதலையானார். என் மேல் வழக்கு வரும் என்று துணிமணிகூட எடுத்து வைத்திருந்தேன். ஏனோ வரவில்லை. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லமுடியாது. டிப்பர்காரர்களில் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்: "சத்தியம் பேசின ஆளுன்னு மரியாதை உண்டு மேஸ்திரி. ஆனா வண்டியெ வேற ஆளுகிட்ட விடுகேன்." நியாயம்தான்.

அக்கா டிராக்டரை விற்கவில்லை. கோரையை வெட்டி வயலைத் திருத்தப் போவதாகச் சொன்னார். டைமிங்கை நீங்களே சரிசெய்யுங்கோ என்றார். நான் ஃப்ளைவீலின் அந்தக் கோட்டை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டு, கம்பி விட்டு அளந்து புதுக் கோடு வெட்டினேன். சொட்டு நிற்கும் இடத்தை ஒருமுறைக்கு ஏழுமுறை பார்த்தேன். ஸ்டார்ட் செய்தபோது சத்தம் வெண்ணெய்போல் வந்தது.

உழவுக்கு ராசையனைக் கூப்பிட்டிருந்தார் அக்கா. வருவார் என்று நான் நினைக்கவில்லை. காலையில் பனிக்குள்ளிருந்து வரப்பு மேல் நடந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, வயலுக்குள் இறக்கினார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, பின்னால போய் நில்லுங்கோ."

"ராசையா, வேண்டாம்" என்றார் அக்கா வரப்பிலிருந்து.

"அக்கா, நான் இதெ ஓட்டணும்னா அவரு நிக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால்வரை சேறு. சேற்றுழவுக்கு மாட்டிய இரும்புச் சக்கரங்களுக்குப் பின்னால் ஐந்தடியில் போய் நின்றேன். சரியாக வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ஏழுமுறை பார்த்தவன் நான். ஆனாலும் பக்கவாட்டில் விலக எவ்வளவு இடம் என்று பார்த்துவைத்தேன். என் இரண்டு பக்கமும் தண்ணீர் அதிர்ந்து வளையம் வளையமாகப் போனது.

ராசையன் வேண்டுமென்றே வண்டியைச் சேற்றில் அழுத்தினார். இன்ஜின் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி கேட்டது. சாகப்போகும் நேரத்தில் கிளட்சை மிதித்தார். இன்ஜின் ஒருமுறை தடுமாறி, பிறகு மேலே ஏறியது. சைலன்சரிலிருந்து புகை பனிக்குள் உயர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடுக்கட்டா?" என்றார், திரும்பாமலே.

கையை உயர்த்தினேன். அவர் பார்க்கவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. "எடுங்க" என்றேன்.

சக்கரங்கள் சுற்றின. சேறு வாரி என் நெஞ்சிலும் முகத்திலும் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது டிராக்டர் எனக்கும் அதற்கும் நடுவே பத்தடி, இருபதடி என்று இடம் விட்டுக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

எதிர் வரப்பு வரை போய், வளைத்துத் திரும்பி என் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"மதி மேஸ்திரி. வரப்புல கேறிக்கோங்கோ."

சேற்றிலிருந்து எனக்குக் காலை எடுக்க வரவில்லை. ராசையன் இறங்கி வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி என்னை வரப்பில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு போய் மீதி வயலை உழுதார்.